கலர் பெல்ட் மட்டும் போதுமா?



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள் பெரியவர்கள். கராத்தேயில் அந்தச் சுவர் உடம்பு. இராமநாதபுரம் முதல் இராமேஸ்வரம் வரை நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆசையோடு கராத்தே பழகுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சுவர் பலமாக இருக்கிறதா என்று யார் அளந்து பார்க்கிறார்கள்?

பெல்ட் டெஸ்ட் இருக்கிறதே என்பீர்கள். அதில் கட்டா பார்ப்பார்கள், குத்தும் உதையும் பார்ப்பார்கள், பெல்ட்டின் கலர் மாறும். ஆறு மாசத்தில் பையனின் மூச்சு, வேகம், வளைவு எவ்வளவு கூடியது என்று அதில் தெரியாது. விழா மேடையில் பத்து வயசுப் பிள்ளையை ஓடு உடைக்க விடுகிறார்கள். நாமும் கை தட்டுகிறோம். அது உடற்தகுதிச் சோதனையே இல்லை. வளரும் வயதில் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சிப் பகுதி மென்மையானது. அங்கே பலமாக அடிபட்டால் அந்த எலும்பின் வளர்ச்சியே கெடலாம்.

நம்ம லேபை நினைத்துப் பாருங்கள். இரும்புக் கம்பியை மெஷினில் மாட்டி, அறுந்து போகும் வரை இழுத்துப் பலத்தைக் கண்டுபிடிக்கிறோம். ஒரு கம்பி போனால் இன்னொன்று. பிள்ளை விஷயத்தில் அது நடக்குமா? உடைக்காமல்தான் அளக்க வேண்டும்.

வழி இருக்கிறது. மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே சோதனைகள் உண்டு: உயரம், எடை, 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் எட்டித் தொடுவது, வயிற்றுப் பயிற்சி, தண்டால். எடை மெஷின், ஸ்டாப் வாட்ச், டேப், ஒரு நோட்டு இருந்தால் போதும். கராத்தே போட்டியில் கைக்குத்துக்கு 1 புள்ளி, தலை உயர உதைக்கு 3 புள்ளி. தொடை வளையாதவனுக்கு அந்த 3 எட்டாக்கனிதான்!

அளப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஒரு தடவை கடற்கரை மணலிலும் மறு தடவை பள்ளி மைதானத்திலும் ஓடவிட்டால் கணக்கு உதைக்கும். ஒரே தரை, ஒரே நேரம்; நம்ம ஊர் வெயிலுக்கு அதிகாலையே நல்லது. ஒருத்தனை இன்னொருத்தனோடு ஒப்பிடவும் கூடாது. ஒரே 13 வயசில் ஒருத்தனுக்கு மீசை அரும்பும், ஒருத்தன் குழந்தையாகவே இருப்பான். அவனுடைய பழைய அளவோடுதான் அவனை ஒப்பிட வேண்டும்.

மாஸ்டர்களைக் குறை சொல்லவில்லை. ஒத்தை ஆளாக அத்தனை பிள்ளைகளையும் கவனிப்பவர்களுக்கு நேரம் ஏது? நாம் போகலாமே! அளவெடுப்பதும், அட்டவணை போடுவதும், கிராஃப் வரைவதும் நாம் படிக்கிற படிப்புதானே!

கடலுக்குப் போகிற அப்பாவுக்கும் கருவாடு காயப்போடுகிற அம்மாவுக்கும் ஜப்பானியப் பெயர்கள் புரியாது. "உங்க பையன் 600 மீட்டரை முன்னைவிட 10 செகண்ட் குறைச்சு ஓடியிருக்கான்" என்றால் புரியும். கட்டுகிற பணத்துக்குப் பலன் என்ன என்று கேட்கிற உரிமை அவர்களுக்கு உண்டு.

பெல்ட் இடுப்பில் இருக்கட்டும். பலம் உடம்பில் ஏறட்டும். அளப்போம்! வளர்ப்போம்!

— மூன்றாமாண்டு, இயந்திரவியல்