ஃபார்மட் அடிக்கச் சொல்லும் முன்...

"ஃபார்மட் அடிச்சா சரியாயிடும் சார், சாயங்காலம் வாங்க!" லேப்டாப் நின்று நின்று போகிறது என்று சர்வீஸ் கடைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது. கோளாறு ஹார்ட்வேரில் இருக்கலாம் என்று சிறு சந்தேகம் இருந்தாலும் இதற்குத் தலையாட்டாதீர்கள் என்பதே என் கருத்து.

என் பெரியப்பாவின் லேப்டாப் திடீர் திடீரென்று நீலத்திரை காட்டி நின்றது. கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். நான்காம் நாள் மறுபடியும் அதே நீலத்திரை! நான் திறந்து பார்த்ததில், இருந்த இரண்டு ராம்களில் ஒன்று பழுது. அதைக் கழற்றியதும் ஒழுங்காக ஓடியது. ஆனால் அக்காவின் கல்யாண போட்டோக்கள் ஃபார்மட்டில் போனது போனதுதான். "ராமுக்கும் போட்டோவுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார் பெரியப்பா. ஒரு சம்பந்தமும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

விண்டோஸ் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அதே பழுதான ராமில்தானே ஓட வேண்டும்? 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தனது சில லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புகளின் பேக்கேஜிங் பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அந்த லேப்டாப்களில் நூறு முறை விண்டோஸ் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

சரி, கோளாறு எதில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டு லினக்ஸை டவுன்லோட் செய்து, ரூஃபஸ் என்ற இலவச புரோகிராம் மூலம் 16 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும், காலியானதாகப் பார்த்து எடுங்கள். லேப்டாப்பை அதிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் 'டிரை' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். இப்போது விண்டோஸுக்கு வேலையே இல்லை. இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். இதிலும் நின்று போனால் குற்றவாளி பெரும்பாலும் ஹார்ட்வேர்தான். ஒழுங்காக ஓடினால் விண்டோஸ் மீதோ, ஹார்ட் டிஸ்க் மீதோ சந்தேகப்படலாம். ராமை மட்டும் சோதிக்க மெம்டெஸ்ட்86 இருக்கிறது. இரவு முழுக்க ஓட விட்டு, காலையில் ஒரே ஒரு எர்ரர் காட்டினாலும் ராமை மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். (வாரண்டி இருந்தால் நீங்களாகத் திறக்க வேண்டாம்.)

லினக்ஸ் ஓடும்போதே உங்கள் ஃபைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்துவிடலாம். ஒரு சிக்கல் உண்டு. இன்றைய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கும். 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் உங்கள் டிஸ்க்கை நீங்களே திறக்க முடியாது! மதர்போர்டு மாற்றினாலும் அந்தக் கீயைக் கேட்கலாம். பொதுவாக அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் பதிவாகியிருக்கும். லேப்டாப் நன்றாக ஓடும் இன்றைக்கே பார்த்து ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள்.

அப்புறமும் கடைக்குப் போக வேண்டியிருந்தால், ஜாப் ஷீட்டில் "என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று எழுதச் சொல்லி கையெழுத்து வாங்குங்கள். பெரியப்பா இப்போது அப்படித்தான் செய்கிறார். கடைக்காரர் முகத்தைச் சுளிக்கிறாராம், பரவாயில்லை.