ஸ்ட்ராத்ஹோமில் வேறு வழியே இல்லையா?

2002ஆம் ஆண்டு பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட ‘வார்கிராஃப்ட் 3’ என்னும் மிகுபுனைவு வியூக விளையாட்டில், லோர்டெரான் நாட்டு இளவரசன் ஆர்தஸ் தன் படையோடு ஸ்ட்ராத்ஹோம் நகரின் வாயிலை அடையும் கட்டம் ஒன்று உண்டு. கொள்ளைநோய் ஏற்றப்பட்ட தானியம் அந்நகருக்கு முன்பே வந்து, வீடுவீடாகப் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டது. அதை உண்டவர்கள் நடைப்பிணங்களாக எழுந்து பகைவனின் படையில் சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் மாறுவதற்கு முன் நகரத்தார் அனைவரையும் கொன்றுவிட வேண்டும் என்கிறான் ஆர்தஸ். அவனுடைய ஆசான் உதர் மறுக்கிறார். அவரைத் துரோகி என்று சாடிப் பொறுப்பிலிருந்து நீக்குகிறான். அவன் நேசித்த ஜெய்னாவும் அவ்விடம் விட்டு அகல்கிறாள். பிறகு கொலை தொடங்குகிறது. அதைச் செய்வது விளையாடுபவரின் கை.

ஆர்தஸ் செய்தது சரியா என்ற வாதம் இருபது ஆண்டுகள் கடந்தும் ஓயவில்லை. இந்தியக் கல்லூரி விடுதிகளில் வார்கிராஃப்டை அறிந்தோரில் பலர் அதிலிருந்து கிளைத்த ‘டோட்டா’வின் வழியாகவே அறிந்தவர்கள், கதைப்பகுதியை அவர்கள் தொட்டதில்லை. ஆயினும் இந்தக் கேள்வி மட்டும் எப்படியோ அவர்களிடமும் வந்து சேர்ந்துவிடுகிறது. அடிக்கடி கேட்கக் கிடைக்கும் விடை இது: ஸ்ட்ராத்ஹோமில் அவன் செய்தது கொடிது, ஆனால் தவிர்க்க முடியாதது, அவன் கெட்டுப்போனது பிற்பாடு, வடக்கின் பனிநிலத்தில்தான்.

இவ்விடையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நோயுண்டவர் மீளமாட்டார்; மாறியபின் மேலும் பலரைக் கொல்வார்; பொழுதோ இல்லை. இம்மூன்றும் உண்மையெனின், வாளை உறையிலிட்டுத் திரும்பும் உதரின் அறம் பிறர் உயிரை விலையாகக் கொடுத்துத் தன் கையைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் அறமாகவே தோன்றும். ஆனால் அவை உண்மை என்று சொல்வது யார்? ஆர்தஸ் அறிந்ததெல்லாம் முந்தைய கட்டத்தில் ஹார்த்கிளென் என்ற ஊரில் அவன் கண்ட காட்சி மட்டுமே. ஸ்ட்ராத்ஹோமில் ஒருவரைக்கூட யாரும் சோதிக்கவில்லை. தானியத்தை உண்ணாத வீடு ஒன்றேனும் உண்டா என்று வினவவும் இல்லை. அவனுடைய ஊகத்தை உறுதியாக்கித் தருவது விளையாட்டு. வீட்டை இடித்ததும் உள்ளிருப்போர் வெளியே வருகிறார்கள். விளையாடுபவரின் கண்ணெதிரே நடைப்பிணமாகிறார்கள். தளபதிக்கு முன்கூட்டி இருந்திராத அறிவு ஆட்டக்காரருக்குப் பின்கூட்டிக் கிடைக்கிறது. அந்த அறிவைக் கொண்டுதான் தளபதிக்குத் தீர்ப்பு எழுதப்படுகிறது.

அக்கட்டத்தின் ஆங்கிலப் பெயர் ‘தி கல்லிங்’ என்பது. மந்தையிலிருந்து வேண்டாத விலங்குகளைப் பிரித்துக் கொல்லுதல் என்பது அச்சொல்லின் பொருள். பறவைக் காய்ச்சல் பரவும் காலங்களில் கோழிகளையும் வாத்துகளையும் அழிப்பதைக் குறிக்க இந்திய ஆங்கில நாளேடுகள் ஆளும் சொல்லும் அதுவே. பெயரிடும்போதே நகரத்தார் மந்தையாகிவிட்டனர். எஞ்சியது மந்தையை எப்படிக் கையாளுவது என்ற கேள்வி மட்டுமே. ‘படுகொலை’ என்று பெயரிட்டிருந்தால் இந்த வாதத்தின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

சொல்லைக் காட்டிலும் கூர்மையானது திரையில் ஓடும் எண். தீயவன் மால்கானிஸும் அதே நகரத்தாரைத் தனக்கென்று கவர்ந்துகொண்டிருக்கிறான். அவன் 100 பேரை எட்டுவதற்குள் ஆட்டக்காரர் 100 பேரை எட்ட வேண்டும். இரண்டு எண்ணிக்கைகளும் அருகருகே ஏறுகின்றன. தொடக்கத்தில் முதல் வீட்டை இடிக்கத் தயங்கிய ஒருவர்கூடச் சிறிது நேரத்தில் வேறொன்றுக்காக எரிச்சலடையத் தொடங்குவார்: படை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது, அடுத்த தெருவுக்கு எது குறுக்குவழி, மால்கானிஸ் எப்படி முந்தினான்? கொல்வது சரியா என்ற கேள்வி, விரைந்து கொல்வது எப்படி என்ற கேள்வியாக உருமாறுகிறது. அறவுரை எதுவும் சொல்லாமலே இந்த உருமாற்றத்தை ஆட்டக்காரரின் விரல்களில் நிகழ்த்திக் காட்டியதுதான் அக்கட்டத்தின் பெருமை. அதை வடிவமைத்தவர்கள் அவ்வளவு தூரம் எண்ணித்தான் செய்தார்களா என்பது வேறு.

போரறம் குறித்து எழுதிய மைக்கேல் வால்சர், 1977இல் வெளிவந்த தம் ‘ஜஸ்ட் அண்ட் அன்ஜஸ்ட் வார்ஸ்’ நூலில் ‘உச்ச நெருக்கடி’ என்ற கருத்தை ஆராய்கிறார். ஆபத்து மிக நெருங்கியதாகவும், இயல்பான போர்களின் ஆபத்தைக் கடந்த கொடுமையுடையதாகவும் இருந்தால் மட்டுமே விதியை மீறுவதைப் பற்றிப் பேசவே இடமுண்டு என்பது அவர் நிலை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் தனித்து நின்ற காலத்தில் ஜெர்மானிய நகரங்கள் மீதான குண்டுவீச்சுக்கு அவர் அந்த இடத்தைத் தருகிறார். ஆனால் சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் போரில் இறங்கி நெருக்கடி தணிந்த பின்னரும் குண்டுவீச்சு நிற்கவில்லை, பெருகியது. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரில் ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். நெருக்கடிக்கென்று திறந்த கதவு நெருக்கடி போனதும் தானே மூடிக்கொள்வதில்லை. அதோடு, விதியை மீறியவர் சரியாகவே மீறியிருந்தாலும் குற்றத்தின் சுமையிலிருந்து விடுபடுவதில்லை என்றும் வால்சர் வற்புறுத்துகிறார்.

இதை வைத்து நோக்கினால் ‘ஸ்ட்ராத்ஹோமில் சரி, வடக்கில் தவறு’ என்ற பாகுபாடு நிலைக்காது. வடக்கே, தந்தையான மன்னர் படையைத் திரும்ப அழைத்தபோது ஆர்தஸ் கப்பல்களைக் கூலிப்படையினரைக் கொண்டு எரிக்கிறான். பழியையும் அவர்கள்மீதே போடுகிறான். அங்கும் அவன் கூறுவது வேறு வழியில்லை என்பதே. அந்த வாதத்தை அவன் பழகிய இடம் ஸ்ட்ராத்ஹோம். அவனுடைய முதல் பிழை கொல்லத் துணிந்ததுகூட அன்று. மறுத்துப் பேசியவரைத் துரோகியாக்கியது. மாற்றுவழி உண்டா என்று தேடக்கூடியவர்கள் அந்த வாயிலில் இருவரே இருந்தனர். ஒருவரை அவன் துரத்தினான், மற்றவளைப் போகவிட்டான். தேடுவோர் போனபின் வழியில்லை என்பது உண்மையாகத்தான் தோன்றும்.

2019இல் வந்த ‘ஃபயர் எம்பளம்: த்ரீ ஹவுசஸ்’ இதே சிக்கலை வேறு விதமாகக் கையாள்கிறது, அங்கேதான் பெரிய சூழ்ச்சி. ஒரே போரை ஆட்டக்காரர் வெவ்வேறு அணிகளிலிருந்து நடத்தலாம். டிமிட்ரியின் அணியிலோ கிளாடின் அணியிலோ நின்றால், கிரான்டர் சமவெளிப் போரில் பேரரசி ஈடல்கார்ட் நடுக்குன்றுக்குத் தீயிடுவதைக் காணலாம். விளையாடுபவர் முன்பே தம் பக்கம் சேர்த்துக்கொள்ளாவிடில், அக்குன்றில் நிற்பவள் ஈடல்கார்டுடன் ஒன்றாகப் படித்த பெர்னடெட்டா. ஆனால் ஈடல்கார்டின் அணியில் கடைசிவரை நின்றவருக்கு அந்தப் போரே வருவதில்லை. அக்கதையில் தீயிடுபவர் மறுதரப்புத் தலைவி ரியா. எரிவது மக்கள் நிறைந்த ஃபிர்டியாட் நகரம். எந்தப் பக்கம் நின்றாலும் தீ எதிர்ப்பக்கத்திலிருந்தே வருகிறது. ஈடல்கார்டுக்காக வாதாடுவோரும் அவளைப் பழிப்போரும் ஓயாமல் மோதிக்கொள்வதில் வியப்பில்லை. இரு சாராரும் கண்டது ஒரே போரின் வேறுவேறு தீக்களை. இவ்வகையில் வார்கிராஃப்ட் நேர்மையானது. அது தீவட்டியை ஆட்டக்காரரின் கையிலேயே கொடுக்கிறது.

இன்னும் சில விளையாட்டுகளில் வாதத்துக்கே இடமில்லை. கணக்கு மட்டுமே உண்டு. ‘டோட்டல் வார்: வார்ஹாமர் 2’இல் இருள் எல்ஃப்களுக்குப் போரில் கிடைக்கும் அடிமைகள் வருவாயைப் பெருக்கும் வளம், அவர்கள் பெருகப் பெருக மாகாணத்தின் ஒழுங்கு குறையும். அடிமைத்தனத்தின் தீங்கு அங்கே நிர்வாகச் சிக்கல் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. 1999இன் ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’இல், மாண்ட பகைவரை எலும்புக்கூட்டு வீரராக எழுப்பும் கலைக்கு 10, 20, 30 விழுக்காடு என்று மூன்று படிகள். உயிருள்ள வீரரோடு இறந்தோரைக் கலந்தால் உயிருள்ளோரின் மனவுறுதி ஒரு புள்ளி குறையும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் உயிருள்ளோரை அடியோடு விலக்கிவிடுவார். இறந்தோர் படையின் மனவுறுதி ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. மனச்சான்றுக்கு ஒரு புள்ளி விலை வைத்த விதிகளுக்குள் மனச்சான்றே இல்லாத படையைத் திரட்டுவது சிக்கனமாகிறது. இதைவிடக் கசப்பான அங்கதத்தை எவரும் திட்டமிட்டு எழுதியிருக்க முடியாது.

சதுரங்கத்தில் காலாளை வெட்டுவோரை யாரும் கொலைகாரர் என்பதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், இவ்விளையாட்டுகளை ஆடுவோர் கொடியவராகிவிடுவர் என்பதும் இங்கே வாதமன்று. ஆனால் சதுரங்கக் காலாளுக்கு வீடில்லை, பசிக்கு வாங்கிய தானியமில்லை. அவற்றைக் கொடுத்த விளையாட்டு தீர்ப்பையும் கேட்கிறது. கேட்டபின், அளிக்கப்படும் தீர்ப்பு விளையாட்டோடு நிற்பதில்லை. மெய்யான போர்ச் செய்திகளின்கீழ் ‘வேறு வழியில்லை’ என்று எழுதுவோர், பகைவரின் எண்ணத்தையும் குடிமக்களின் விதியையும் விளையாட்டின் வடிவமைப்பாளரைப் போல முழுதறிந்தவர்களாகவே பேசுகின்றனர். மெய்யான போரில் அந்த அறிவு எவருக்கும் வாய்ப்பதில்லை. குடிமக்களைத் தாக்குவதையும் பட்டினியைப் போர்க்கருவியாக்குவதையும் தடைசெய்யும் 1977ஆம் ஆண்டின் ஜெனிவா முதற் கூடுதல் நெறிமுறை, தளபதியின் முழுதறிவை நம்பி எழுதப்படவில்லை. அவனுடைய ஐயத்தைக் கருதியே எழுதப்பட்டது. ஒருவர் குடிமகனா போராளியா என்ற ஐயம் எழுந்தால் குடிமகனென்றே கொள்ள வேண்டும் என்கிறது அது. இந்தியா அந்நெறிமுறையில் இன்னும் இணையவில்லை என்பதும் நினைவுகூரத்தக்கது.

ஸ்ட்ராத்ஹோம் வாயிலில் உதரோடு திரும்பிச் செல்ல விரும்பும் ஆட்டக்காரருக்கு அந்த வரைபடத்தில் பாதை இல்லை. படையை அசைக்காமல் நிறுத்தி வைத்திருக்கலாம். மால்கானிஸின் எண்ணிக்கை 100ஐத் தொடும். திரையில் தோல்வி என்று வரும். மீண்டும் தொடங்கச் சொல்லும்.