ஒரு சிலருக்கு மட்டுமன்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சு

ஒன்ராறியோ ஆரம்பப் பள்ளிகளில் இரண்டாம் மொழிக் கல்வி குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

எமது நிலைப்பாடு

ஒன்ராறியோவின் ஆங்கில வழிப் பள்ளிகளில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் எட்டாம் வகுப்பு முடிக்கும்போது பிரெஞ்சில் தயங்காமல் நாலு வார்த்தை பேசத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வேண்டிய நேரம், ஆசிரியர், இடம் மூன்றையும் பெரும்பாலான பிள்ளைகள் படிக்கும் பொதுப் பிரெஞ்சு வகுப்புக்கே முதலில் ஒதுக்க வேண்டும் எனப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த எமது அமைப்பு கோருகிறது.

பின்னணி

1965இல் மொன்றியலை அடுத்த சென் லம்பேரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் விடாது கேட்டதால் பாலர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சில் கற்பிக்கும் இமர்ஷன் வகுப்பு தொடங்கியது. அப்பிள்ளைகளை மக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லம்பேர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். ஆங்கிலம் கெடவில்லை, பிரெஞ்சும் வந்தது என்பதே அவர்கள் கண்ட முடிவு. 1969இல் அலுவல் மொழிகள் சட்டம் வந்தபின் இமர்ஷன் நாடெங்கும் பரவியது.

ஆனால், பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது இமர்ஷனில் அன்று. நான்காம் வகுப்பு முதல் கட்டாயமாக உள்ள பொதுப் பிரெஞ்சில் எட்டாம் வகுப்பு முடிவதற்குள் 600 மணி நேரம் கிடைக்க வேண்டும் என்பது மாகாண விதி. இமர்ஷனுக்கோ குறைந்தது 3,800 மணி நேரம். 2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி, கியூபெக்குக்கு வெளியே ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மொழியிலும் உரையாடக்கூடியவர்கள் 9.5 விழுக்காட்டினரே. 2001இல் இது 10.3 ஆக இருந்தது.

எங்கே தவறுகிறது?

பல பள்ளிகளில் பிரெஞ்சு ஆசிரியருக்கென்று ஒரு வகுப்பறை கிடையாது. புத்தகங்களையும் படங்களையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அறை அறையாகப் போகிறார். 40 நிமிடப் பாடவேளையில் சில நிமிடங்கள் வண்டியை உள்ளே கொண்டுவந்து பலகையைத் துடைப்பதிலேயே கழிகின்றன. சுவரில் ஒரு பிரெஞ்சுச் சொல்லைக்கூட அவரால் நிரந்தரமாக ஒட்டிவைக்க முடியாது. அந்த அவசரத்தில் எளிதாக முடிவது வினைத்திரிபுத் தாளை நிரப்புவதுதான். தாளில் முழுப் புள்ளி வாங்கும் பிள்ளை, யாராவது பிரெஞ்சில் பெயரைக் கேட்டால் வாய் திறக்கத் தயங்குகிறது.

இமர்ஷனை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் தொடக்க வகுப்பில் சேரத் தவறினால் அந்தக் கதவு பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. நாலாம், ஐந்தாம் வகுப்பு வயதில் குடிபெயர்ந்து வரும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. வீட்டில் தமிழோ உருதுவோ பேசும் அப்பிள்ளை ஏற்கெனவே ஒரு மொழிக்கு மேல் கையாளப் பழகியது. “முதலில் ஆங்கிலம் வரட்டும்” என்று அதைப் பிரெஞ்சிலிருந்து விலக்குவது அதன் பலத்தையே பலவீனமாகக் கருதுவதாகும்.

எமது கோரிக்கைகள்

1. ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்பில் அரையாண்டுக்குச் செறிவுப் பிரெஞ்சு வழங்குக. குளோட் ஜெர்மானும் ஜோன் நெட்டனும் வகுத்து, 1998இல் நியூஃபவுண்ட்லாந்தில் தொடங்கிய முறை இது. ஐந்து மாதங்களுக்குப் பள்ளி நாளின் பெரும்பகுதி பிரெஞ்சிலேயே நடக்கும். முதலில் பேச்சு, பிறகு வாசிப்பு, அதன்பின் எழுத்து.

2. இட வசதியுள்ள பள்ளிகள் அனைத்திலும் பிரெஞ்சுக்கு நிலையான அறை ஒதுக்குக.

3. சரளமாகப் பேசக்கூடிய ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும் தக்கவைக்கவும் தனி நிதி ஒதுக்குக. ஆசிரியர் பற்றாக்குறையை அலுவல் மொழிகள் ஆணையரே 2019 அறிக்கையில் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

4. புதிதாக வந்த பிள்ளைகளையும் சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளையும் பிரெஞ்சிலிருந்து விலக்குவதை வழக்கமாக்காதீர்கள். அவர்களுக்கான உதவியாளரைப் பிரெஞ்சு வகுப்புக்கும் அனுப்புங்கள்.

5. மதிப்பீட்டில் பேச்சுக்கு முதலிடம் கொடுங்கள்.

பெற்றோருக்கு

அடுத்த பள்ளி மன்றக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை எழுப்புங்கள்: எங்கள் பிரெஞ்சு ஆசிரியருக்கு அறை இருக்கிறதா? அவர் வராத நாளில் அந்தப் பாடவேளையில் என்ன நடக்கிறது? பதிலை எமக்குத் தெரிவியுங்கள். அவற்றைத் தொகுத்துக் கல்விச் சபைகளிடமும் மாகாணக் கல்வி அமைச்சிடமும் நேரில் கையளிப்போம்.