எல்.எல்.ஆர். தேர்வும் அடியார்களின் உரிமையும்

மகனுக்கு 18 வயது நிறைந்துவிட்டால் நம் குடும்பங்களில் அடுத்த பேச்சு பைக்கைப் பற்றியதாகவே இருக்கிறது. அதற்கு முன்னர் பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர்., பெற வேண்டும். அதற்குச் சாலை விதிகளில் ஒரு தேர்வும் உண்டு. அத்தேர்வைப் பெற்றோர் பலர் வெறும் சடங்காகக் கருதுகின்றனர். “தெரிந்தவரிடம் சொல்லியிருக்கிறோம் ஹஜ்ரத், பிள்ளை கணினி முன் உட்கார்ந்தால் போதும், விடையைப் பக்கத்தில் நிற்பவர் காட்டிவிடுவார்” என்று எங்களிடமே கூச்சமின்றிச் சொல்லும் தந்தையரும் உளர். மதரஸாத் தேர்வில் தம் மகன் பார்த்து எழுதினான் என்றால் அவர்களே வெட்கித் தலைகுனிவார்கள்!

மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது, கடைவீதியில் ஈரத் தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியைக் கண்டபோதுதான். விதி அறியாத மகனுக்கு விதி அறிந்தவன் என்ற சான்றை வாங்கித் தருவது அதினின்றும் எவ்வாறு வேறுபடும்? அங்கே போனது பொருள். இங்கே போவது ஓர் உயிராக இருக்கலாம்.

நேர்மையாகத் தயாராகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவர்களில் பலர் வினாக்களை விடை எண்ணோடு மனனம் செய்துகொண்டு போகின்றனர். மனனத்தை நாங்கள் குறை சொல்ல முடியுமா? எங்கள் தொழிலே அதுதான். எனினும் ஒளுவின் ஃபர்ளுகளைத் தடுமாறாமல் ஒப்பிக்கும் மாணவன், ஹவுளிலிருந்து குதிகால் நனையாமல் எழுந்து செல்வதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம்.

அவ்வினாக்களைப் பொருளுணர்ந்து படித்தால் மார்க்கம் கூறும் ஹக்குல் இபாத் அவற்றில் நிறைந்திருப்பது தெரியும். பார்வையற்றவர் வெண்கோல் ஏந்திச் சாலையைக் கடந்தால் அக்கோலையே நிறுத்தச் சைகையாகக் கொண்டு வண்டியை நிறுத்த வேண்டும் என்கிறது ஒரு விடை. மருத்துவமனை வாயிலை மறித்து வண்டி நிறுத்தலாகாது. பின்னால் வருபவர் முந்த முயலும்போது வேகத்தைக் கூட்டி அவரைத் தடுக்கலாகாது. மஞ்சள் விளக்கு எரிந்தால் நிற்க ஆயத்தமாக வேண்டும், முறுக்கிக்கொண்டு பறக்கலாகாது. பாதைக்கும் உரிமை உண்டு என்று கற்பித்த தூதரின் உம்மத்தினருக்கு இவை புதிய செய்திகளா? ஜும்ஆ அன்று பள்ளிவாசல் தெருவில் பிறர் வாசலை அடைத்து வண்டிகளை நிறுத்தும் நம்மவர்கள் இப்பகுதியை இன்னொரு முறை படிக்கலாம்.

எல்.எல்.ஆர். கைக்கு வந்ததும் தம்பியைப் பின்னால் ஏற்றி டியூஷனுக்கு அனுப்புவது பல வீடுகளில் வழக்கம். அது சட்ட மீறல். பழகுநர் பைக்கில், உரிமம் பெற்ற பயிற்றுநரைத் தவிர வேறெவரும் அமரக் கூடாது. வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ எழுத்து முன்னும் பின்னும் இருக்க வேண்டும். இவ்வுரிமம் ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். அந்த 30 நாளும் பழகுவதற்காகக் கொடுக்கப்பட்டவை.

16 வயதில் பெற்றோர் சம்மதத்துடன் கிடைக்கும் உரிமம், 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே. நம் வீடுகளில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.யைத் தாண்டியவை. ரமளான் இரவுகளில் தராவீஹ் முடிந்து அவற்றில் மூவர் மூவராகச் சுற்றும் சிறுவர்களிடம் சாவியைக் கொடுத்தது யார்? சிறார் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அச்சிறுவனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. அபராதத்துக்கு அஞ்சும் அளவுக்கேனும் அல்லாஹ்வுக்கு அஞ்ச வேண்டாமா?

கோடை விடுமுறையில் ஒவ்வொரு ஜமாஅத்தும் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, இவ்வினாக்களை விளக்கத்தோடு நடத்தலாம் என்பது எங்கள் கருத்து. ஸ்கூட்டர் ஓட்டும் நம் சகோதரிகளுக்கும் தனி வகுப்பு வேண்டும். விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை என்ன என்ற பாடத்திலிருந்து தொடங்குங்கள். அடிபட்டவரை விட்டுவிட்டு ஓடாமல் அவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் சட்டப்படி அவர் பொறுப்பு. உதவிக்கு வரும் வழிப்போக்கருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதைப் பிள்ளைகளின் வாயாலேயே சொல்லவையுங்கள்.