முதுகில் ஊர் உண்டு; முதலாளி எங்கே?

சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர், கூட்டம் கலைகிற நேரத்தில் நம்மை நிறுத்திக் கேட்டார்: “இருபது வருஷமாப் பார்க்கிறேண்ணே. வர்ற கப்பலுக்கெல்லாம் பின்பக்கம் மன்ரோவியா, பனாமா, மஜுரோன்னுதான் எழுதியிருக்கு. அந்த ஊர்க்காரன் ஒருத்தன்கூட இறங்கிப் பார்த்ததில்லையே, அது எப்படி?”

நல்ல கேள்வி. படித்த பெருமக்கள் பலர் கேட்க மறந்த கேள்வி.

கடலுக்கு வேலி இல்லை, காவல் நிலையம் இல்லை, தாசில்தார் இல்லை. நடுக்கடலில் ஒருவன் குத்திக் கொல்லப்பட்டால் விசாரிப்பது யார்? சம்பளம் மறுக்கப்பட்டால் முறையிடுவது எவரிடம்? இதற்காகவே, ஒவ்வொரு கப்பலும் ஏதேனும் ஒரு நாட்டின் பதிவேட்டில் ஏறவேண்டும், அந்நாட்டுக் கொடியைத் தாங்கவேண்டும், அந்நாட்டுச் சட்டமே அதன் தளத்தில் செல்லும் என்று உலகம் ஒப்புக்கொண்டது. பதிவான துறைமுகத்தின் பெயரைக் கப்பலின் பின்புறத்தில் எழுதவேண்டும். 1894ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் எழுத்தின் அளவைக்கூட விட்டுவைக்கவில்லை. நான்கு அங்குலத்துக்குக் குறையக்கூடாது; கருநிறப் பரப்பானால் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்து, வெளிர்நிறப் பரப்பானால் கறுப்பு எழுத்து! மோதிவிட்டு ஓடுகிற கப்பலின் முதுகைப் பார்த்தால் போதும், எந்த நாட்டில் போய் வழக்காடுவது என்று தெரிந்துவிடும்.

அத்தனை நேர்த்தியான ஏற்பாட்டில் ஓட்டை போட்டது எது தெரியுமா தோழர்களே? மது!

அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பிலிருந்த காலம். அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் மது ஊற்றக்கூடாது. ரிலையன்ஸ், ரெசல்யூட் என்ற இரு பயணிக் கப்பல்கள் 1922இல் அந்தக் கொடியை இறக்கின, பனாமாக் கொடியை ஏற்றின, கோப்பைகள் நிரம்பின. கப்பல் அதேதான், பயணமும் அதேதான். மாறியது ஒரு துணியும் ஓர் ஊரின் பெயரும்! மதுவுக்காக மாற்றலாமென்றால் வரிக்காக மாற்றக்கூடாதா, கூலிக்காக மாற்றக்கூடாதா என்று இலாப வேட்டைக்காரரின் மூளை வேலை செய்யத் தொடங்கியது.

1948இல், அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஸ்டெட்டினியஸ் முன்னின்று, லைபீரியாவுக்கு ஒரு கப்பல் பதிவேடு அமைத்துக் கொடுத்தார். அந்தப் பதிவேட்டை இன்று நிர்வகிக்கும் அலுவலகம் இருப்பது மன்ரோவியாவில் அல்ல, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில்! மார்ஷல் தீவுகளின் பதிவேடும் அதே வர்ஜீனியாவில். மங்கோலியாவுக்குக் கடலே கிடையாது. அதுவும் 2003இல் பதிவேடு திறந்தது, சிங்கப்பூரில் அலுவலகம் வைத்து. உலான்பாதருக்குக் கப்பல் போய்ச் சேரவேண்டுமானால் தண்டவாளம்தான் போடவேண்டும்! கடல் இல்லாதது குற்றம் என்கிறோமா? இல்லை. சுவிட்சர்லாந்துக்கும் கடல் இல்லை. அதன் கப்பல்களில் பாசல் என்ற ஊர்ப் பெயர் இருக்கும். ஆனால் கப்பல் சுவிஸ்காரர் உடைமையாக இருக்கவேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் வற்புறுத்தியது.

லைபீரியாவின் மீதோ பனாமாவின் மீதோ நமக்குச் சினமில்லை. பதிவுக் கட்டணம் அவர்களுக்கு ஒரு வருவாய். நம் வினா கொடியை வாங்குகிறவரைப் பற்றியது. சொந்த நாட்டு வரி வேண்டாம், சொந்த நாட்டுத் தொழிற்சங்கம் வேண்டாம், சொந்த நாட்டுக் கூலி விகிதம் வேண்டாம். ஆனால் சொந்த நாட்டு வங்கி வேண்டும், வசதி வேண்டும்! இன்று லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்றின் கொடியில் மட்டும் உலகக் கப்பல் கொள்ளளவில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் ஓடுகிறது. கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் மெய்யான தொடர்பு இருக்கவேண்டும் என்று 1958இலேயே ஜெனீவாவில் ஒப்பந்தம் எழுதினார்கள். எது மெய்யான தொடர்பு என்று விளக்க 1986இல் ஐக்கிய நாடுகள் சபை இன்னொரு ஒப்பந்தம் எழுதியது. போதிய நாடுகள் ஏற்காததால் அது நடப்புக்கே வரவில்லை.

விளைவு? 1967 மார்ச்சில் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே பாறையில் ஏறி உடைந்தது. கொடி லைபீரியா, உடைமை பெர்முடாவில் ஒரு கம்பெனி, குத்தகை அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி, சரக்கு ஏற்ற அமர்த்தியது பிரிட்டிஷ் கம்பெனி, மாலுமிகள் இத்தாலியர். ஒரு லட்சம் டன்னுக்கு மேல் எண்ணெய் கடலில் கொட்டியது. யாரைக் கேட்பது? கடைசியில் அதே உடைமையாளரின் வேறொரு கப்பல் சிங்கப்பூருக்கு வந்தபோது அதைப் பிடித்து நிறுத்தித்தான் பிரிட்டிஷ் சர்க்கார் வழக்கைத் தொடுக்க முடிந்தது.

பழங்கதை என்பீர்களோ? 2025 மே மாதம் லைபீரியக் கொடி தாங்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கேரளக் கடலில் 640 பெட்டகங்களோடு மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை நம் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கியது. வலை வீச முடியாமல் கையைப் பிசைந்தவர்கள் மீனவர்கள். கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றம் சென்று, விழிஞ்ஞத்தில் நின்ற மற்றொரு எம்.எஸ்.சி. கப்பலை நிறுத்தி வைக்க ஆணை பெற்றது. 58 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வழி!

கடற்கரைக்காரன் பாடு இப்படி. கப்பலுக்குள் இருப்பவன் பாடு இன்னும் கொடிது. முதலாளி கைவிட்ட கப்பல்களில் 2024ஆம் ஆண்டில் சிக்கியவர்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் என்று சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்கெடுத்தது. நாடுவாரியாகப் பார்த்தால் அவர்களில் இந்தியரே அதிகம். சம்பளம் வராது, எண்ணெய் தீரும், குடிநீர் குறையும். கரை கண்ணுக்குத் தெரியும், இறங்க அனுமதி இராது. 2017 முதல் நடப்பிலுள்ள சர்வதேச விதிப்படி நான்கு மாதச் சம்பளத்துக்குக் காப்பீடு உண்டு. பத்து மாதம் பாக்கியென்றால் மீதி ஆறு மாதம்?

“இந்தக் கப்பல்களால்தானே நம் பிள்ளைகளுக்குப் பிழைப்பு?” என்று சிலர் கேட்பர். பிழைப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் துறைமுகத்துக்குள் நுழையும் எந்தக் கொடிக் கப்பலும், அதன் மெய்யான உடைமையாளர் யார், எங்கே, எவர் கூலிக்குப் பொறுப்பு என்பதை எழுதிக் கொடுத்துவிட்டு நுழையட்டும் என்கிறோம். கப்பலின் பெயர் மாறும், கொடி மாறும். ஏழிலக்கப் பதிவெண் மட்டும் கப்பல் உடைபடும் வரை மாறாது என்று விதி செய்திருக்கிறார்களே, அந்த எண்ணுக்கு நேரே உடைமையாளரின் பெயரையும் எவரும் பார்க்கும்படி எழுதுவதில் என்ன கஷ்டம்?

துறைமுகத் தோழரிடம் இவ்வளவும் சொன்னோம். “அப்போ சம்பளப் பாக்கி கேட்க மஜுரோவுக்குப் போகக்கூடாது, வர்ஜீனியாவுக்குப் போகணுமாண்ணே?” என்றார். அங்கே இருப்பதும் பதிவேடுதான், முதலாளி அல்ல என்றோம்.