கழுவியும் போகாத கிருமி... எண்டோஸ்கோப்பி குழாய் மூலம் தொற்று பரவியது எப்படி?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள யுசிஎல்ஏ ரொனால்ட் ரீகன் மருத்துவமனை, 2015 பிப்ரவரியில் 179 பேரை உஷார்படுத்தியது. அங்கு சிகிச்சை பெற்றபோது அவர்களுக்கு ஆபத்தான கிருமி தொற்றியிருக்கலாம் என்பதே தகவல். 7 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் 2 பேர் உயிரிழந்தனர்; மரணத்துக்கு இந்தத் தொற்றும் காரணமாக இருந்திருக்கலாம் என மருத்துவமனை கூறியது.

பரவியது சி.ஆர்.இ. வகை பாக்டீரியா. டாக்டர்கள் கடைசிக்கட்ட ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனம் ஆன்டிபயாடிக்குக்கே இது அடங்காது. பரப்பியது டியோடனோஸ்கோப் என்ற குழாய்.

சரி, குழாயைக் கழுவலையா? கழுவினாங்க. அதுவும் தயாரிப்பாளர் சொன்ன முறைப்படியே கழுவியதாக மருத்துவமனை விளக்கம் அளித்தது. இங்கதான் சிக்கலே.

டியோடனோஸ்கோப் என்றால் என்ன?

பித்தநாளத்தில் கல், அடைப்பு இருந்தால் 'இஆர்சிபி' என்ற சிகிச்சை செய்வார்கள். வாய் வழியாக முன்சிறுகுடல் வரை விடப்படும் வளையும் குழாய்தான் டியோடனோஸ்கோப். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் மேல் இந்தச் சிகிச்சை நடக்கிறது. நம்ம ஊர் மருத்துவமனைகளிலும் இது உண்டு.

கிருமி ஏன் போகவில்லை?

சாதாரண எண்டோஸ்கோப்பில் இல்லாத ஒரு பாகம் இதில் இருக்கிறது. குழாயின் நுனியில், கருவிகளைப் பித்தநாளத்துக்குள் திருப்பிவிட உதவும் 'எலிவேட்டர்' என்ற குட்டி நெம்புகோல். அதன் இடுக்குகளுக்குள் பிரஷ் சரியாக நுழையாது. அங்கே தங்கும் சளி, ரத்தம் காய்ந்துவிட்டால் பாக்டீரியாக்கள் பிசின் போன்ற படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்தை கிருமிநாசினி எளிதில் துளைக்காது.

கொதிநீராவியில் வேகவைக்கலாமே? கத்தி, கத்தரிக்கு அது சரி. கேமராவும் மெல்லிய பாகங்களும் உள்ள இந்தக் குழாய் அந்தச் சூட்டைத் தாங்காது.

2019-ல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ வெளியிட்ட தகவல் இன்னும் அதிர்ச்சி. சுத்தம் செய்து முடித்த டியோடனோஸ்கோப்களில் எடுத்த மாதிரிகளில் 5.4 சதவீதம் வரை, இ.கோலை போன்ற கவலைக்குரிய கிருமிகள் இருந்தன.

நிறுவனம் மீது நடவடிக்கை என்ன?

தயாரிப்பு நிறுவனமான ஒலிம்பஸ், எலிவேட்டர் பகுதியை மாற்றியமைக்க 2016-ல் தன் டியோடனோஸ்கோப்பைத் திரும்பப் பெற்றது. 2012, 2013-ல் நடந்த தொற்றுகள் பற்றி எஃப்டிஏவுக்கு முறையாக அறிக்கை தரவில்லை என்ற வழக்கில், 2018-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. செலுத்த வேண்டிய தொகை 8.5 கோடி டாலர்.

தீர்வு என்ன?

கழுவும் ஊழியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, கருவியே மாறணும் என்ற முடிவுக்கு எஃப்டிஏ வந்தது. ஒருமுறை பயன்படுத்தி வீசும் நுனிமூடி உள்ள குழாய்க்கோ, முழுவதுமே ஒருமுறை பயன்பாட்டுக் குழாய்க்கோ மாறும்படி 2019 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. நுனிமூடியைக் கழற்றிவிட்டால் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவுவது சுலபம். முழுக் குழாயையும் வீசினால் செலவும் மருத்துவக் கழிவும் கூடும்.

பழைய குழாய்களையே பயன்படுத்தும் இடங்களில் செய்ய வேண்டியவை: சிகிச்சை முடிந்த உடனே, காயும் முன் கழுவுவது, எலிவேட்டரை ஏற்றி இறக்கித் தேய்ப்பது, கிருமிநீக்கம் செய்த பின் ஈரமே இல்லாமல் உலர்த்துவது, அவ்வப்போது மாதிரி எடுத்து கிருமி இருக்கிறதா என லேபில் பார்ப்பது.

நோயாளி என்ன செய்யலாம்?

பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீங்க. பித்தநாள அடைப்பை அப்படியே விடுவதே உயிருக்கு ஆபத்தாகலாம். டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இது நுனிமூடி மாற்றும் வகைக் குழாயா? கடைசியா எப்போ கிருமி டெஸ்ட் பண்ணீங்க?" சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல், குளிர் நடுக்கம், வயிற்றுவலி, மஞ்சள் காமாலை வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்க. இஆர்சிபி செய்ததையும் மறக்காமல் சொல்லுங்க.