ஜலத்துக்கும் பட்டா வேண்டும்

மேற்கு மாம்பலத்திலே 'லேக் வியூ ரோடு' என்று ஒரு வீதி இருக்கிறது. அங்கே எத்தனை நேரம் நின்று பார்த்தாலும் ஏரி தென்படாது. நுங்கம்பாக்கத்திலே 'டாங்க் பண்ட் ரோடு' இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். ஏரிகள் மறைந்தன, பெயர்கள் மட்டும் சாசனம்போல் நிற்கின்றன.

'லாங் டாங்க்' எனப்பட்ட நெடிய ஏரியின் படுகையிலேதான் 1920-களில் தியாகராய நகரம் எழுந்தது. அது அந்நியர் ஆண்ட காலத்துக் காரியம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள வழியில்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தபோது, ஆட்சி நம்முடையதேயன்றோ?

நம் முன்னோர் ஏரிகளைத் தனித்தனியே விட்டுவிடவில்லை. மேட்டு ஏரி நிரம்பினால் மிகுதி நீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். இப்படியே ஆறு வரையில் ஒரு சங்கிலி. அதில் ஒரு கண்ணியை மண்ணிட்டு மூடி மனை பிரித்து விற்றோமானால், மேலிருந்து வரும் ஜலம் பத்திரத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமா? பழைய இடத்துக்கே வந்து நம் கூடத்தில் தங்குகிறது.

2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்திற்குள் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. சென்னையின் வருஷ மழையில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இதை வீதியோர வடிகால் தாங்கும் என்பது, அண்டாத் தண்ணீரை உழக்கில் அடக்க முயல்வதாகும். வடிகால் அவசியந்தான்; ஆயினும் வடியுமுன் ஜலம் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அத்தகைய இடம். சுற்றுப்புற ஏரிகளின் மிகுதி நீரை வாங்கி, மெல்ல மெல்லக் கடலுக்கு அனுப்புவது அது. குப்பை மேடும் கட்டடங்களும் அதன் பெரும்பகுதியை விழுங்கிய பிற்பாடே, 2022-ல் ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் அது இடம் பெற்றது.

ஆகவே நகர நிர்மாணத்தின் வரிசை மாறவேண்டும். முதலில் ஜலத்தின் வழியையும் தங்குமிடத்தையும் குறித்துவிட்டு, பின்னரே வீதியையும் மனையையும் வகுக்க வேண்டும். பூங்காவும் மைதானமும் வீதியைவிடத் தாழ்ந்திருந்தால், பெருமழையன்று அவை குளமாகி வீடுகளைக் காக்கும்.

மனை வாங்கும் நேயர்கள் வில்லங்கம் பார்ப்பதோடு, பழைய படத்தில் அங்கே ஏரி இருந்ததா என்றும் பார்ப்பார்களாக. ஆனால் ஏழைக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. மலிவாகக் கிடைக்கும் பள்ளமே அவனுக்கு வாய்க்கிறது. வெள்ளமும் அங்கேதான் முதலில் நுழைகிறது. அவன் பொருட்டு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டியவர்கள், மனைப் பிரிவுக்கு அனுமதி அளிக்கும் அதிகாரிகளே.